59 லட்சம் டன் லித்தியமும் நான் போட்ட தப்புக் கணக்கும்

ஞாயிற்றுக்கிழமை நம்ம தகவல் தொழில்நுட்ப அணியின் ஆன்லைன் கூட்டத்தில் நான் பேசியதை எழுத்தில் கேட்டிருந்தீங்க. இதோ.

2023 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்தப்போ நானும் துள்ளிக் குதிச்சவன்தான். ஜம்மு காஷ்மீர், ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம்! அன்னைக்கு ராத்திரியே அதை டன் விலையால் பெருக்கி, இத்தனை லட்சம் கோடின்னு ஒரு மீம் போட்டேன். இன்ஜினியரிங் படிச்சவன் போடக்கூடாத கணக்கு. இப்போ அதே மாதிரிக் கணக்கோட, "லித்தியம், சீசியத்துல பணம் போடுங்க, பத்து மடங்காகும்"னு நம்ம குழுக்களிலேயே ஃபார்வர்டு சுத்துது. பணம் போடப் போறது நம்ம ஆளுங்க. அதனாலதான் பேசுறேன்.

அந்த 59 லட்சம் டன் என்பது தாதுவின் அளவு. பிரித்தெடுத்த லித்தியம் அதில் சின்னப் பங்குதான். அதுவும் ஜி3 நிலை, அதாவது முதற்கட்ட ஆய்வில் வந்த மதிப்பீடு. ஜி2, ஜி1 தாண்டணும். அதுக்கப்புறம்தான் தோண்டினால் லாபமான்னே சொல்ல முடியும். ஆஸ்திரேலியாவில் பாறையிலிருந்தும் சிலியில் உப்புநீரிலிருந்தும் லித்தியம் எடுக்கிறாங்க, அது பழகிப்போன தொழில். ரியாசியில் இருப்பது பாக்சைட், களிமண் சார்ந்த படிவு. 2023 நவம்பரில் ஏலம் விட்டாங்க. போதிய ஆள் வராததால் 2024 மார்ச்சில் ரத்து. பெரிய கம்பெனிகளே யோசிக்கிற இடத்தில் நாம எதுக்கு அவசரப்படணும்? அதே சமயம் சத்தீஸ்கரின் கட்கோரா தொகுதி 2024 ஜூனில் ஏலம் போயிடுச்சு. ஆக, லித்தியமே வேண்டாம்னு நான் சொல்லல.

விலையையும் பாருங்க. சீனாவில் 2022 நவம்பரில் லித்தியம் கார்பனேட் டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது. 2024-ல் 1 லட்சத்துக்கும் கீழே. உச்சத்தில் நுழைஞ்சவங்க கதி என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சீசியம் இன்னும் குறுகலான சந்து. எண்ணெய்க் கிணறு துளையிடும் திரவம், அணுக் கடிகாரம் மாதிரி சில பயன்பாடுகள்தான். வெளிப்படையான சந்தை விலையே கிடையாது. அதன் முக்கியத் தாது போலுசைட். பேர் சொல்லும்படியான சுரங்கம் மூணுதான். ஆஸ்திரேலியாவின் சின்க்ளேரில் இருந்ததைத் தோண்டி முடிச்சாச்சு. கனடாவின் டாங்கோவை 2019-லும், ஜிம்பாப்வேயின் பிகிட்டாவை 2022-ல் 18 கோடி டாலருக்கும் சீனாவின் சினோமைன் வாங்கிடுச்சு. இதில் நம்ம ஊர் சின்ன முதலீட்டாளர் எந்தக் கதவு வழியா உள்ளே போறது?

அதே 2022 டிசம்பரில் ஜிம்பாப்வே, பதப்படுத்தாத லித்தியம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. காசு மண்ணில் இல்லை, சுத்திகரிப்பில்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. நாமளும் அரசியலாக் கேட்க வேண்டியது அதைத்தான்: சுத்திகரிப்பு ஆலை எங்கே?

யாராவது லித்தியம் திட்டம்னு பணம் கேட்டா, எந்தத் தொகுதி, என்ன ஆய்வு நிலை, உரிமம் யார் பேரில்னு எழுத்தில் கேளுங்க. என் பழைய மீமை அழிக்கல, கீழேயே திருத்தம் போட்டிருக்கேன். இன்னும் எங்கேயாவது அது சுத்துறதைப் பார்த்தா, திருத்தத்தையும் சேர்த்து அனுப்பிடுங்க.