ஏவலும் தலைமையும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வழியில் தெல்தெனிய என்னும் ஊர் உண்டு. பழைய தெல்தெனிய இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. மகாவலித் திட்டத்தின்கீழ் எழுந்த 122 மீற்றர் உயர அணை, 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நீர் ஏறுமுன் மக்கள் மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்து புதிய ஊர் அமைத்துக்கொண்டனர்.

அவ்வூருக்கு மேலே, ரங்கலை, ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைகளிலே தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே வெள்ளம் ஏறவில்லை, காலம் ஏறியிருக்கின்றது. தொழில் செய்வோர் மாறிவிட்டனர். அவர்களை நடத்திச் செல்வோரும் மாறினரா என்பதே இன்று நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி.

மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமை என்பது கங்காணியிடமிருந்து தொடங்கிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. அவர்கீழ் வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு நாள்தோறும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ தீராமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. ஆகவே, கங்காணியின் தலைமை ஒருபுறம் உறவிலும் மறுபுறம் கடனிலும் கால் ஊன்றி நின்றது. 1921ஆம் ஆண்டில் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. கடன் என்ற கால் தளர்ந்தது. ஆயினும் ஏவல் என்ற பழக்கம் தளரவில்லை.

தெல்தெனியவுக்கு வடக்கே மடுல்கலை இருக்கின்றது. அங்குள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்கு 1936ஆம் ஆண்டில் பிரேஸ்கேர்டில் என்ற ஆங்கில இளைஞர் தொழில் பழக வந்தார். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு அவர்கள் பக்கம் சாய்ந்தார், வேலையை இழந்தார். 1937இல் தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்றது. தொழிலாளியோடு சேர்ந்து நிற்கும் துரை என்பது அக்காலத்து ஆட்சிக்கு எவ்வளவு பொறுக்கமுடியாத காட்சி என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகின்றது.

பின்னர் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியது, விடியற்காலைப் பிரட்டு மாறவில்லை. துரை சொல்வதைக் கண்டக்டரும், கண்டக்டர் சொல்வதைக் கங்காணியும் கீழே இறக்கிவிட, அடியில் நிற்பவள் கொழுந்துக் கூடையோடு மலையேறினாள். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமமாயிற்று. ஆயினும், கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்களாகவும், அவர்களை மேற்பார்ப்போர் பெரும்பாலும் ஆண்களாகவுமே இருந்து வருகின்றனர்.

இன்றைய நிலை என்ன? லயத்தில் பிறந்த பெண் பாடசாலையில் படித்திருக்கிறாள். பல்லேகலையின் தொழிற்சாலை, கொழும்பின் கடை, கடல்கடந்த நாட்டின் வீட்டுவேலை என்று வேறு வழிகள் அவளுக்குத் தெரியும். போக வழியற்றவரை அதட்டி வேலை வாங்கலாம். போக வழியுள்ளவரை அதட்டினால் அவர் போய்விடுவார். ஏவலின் பலம், ஏவப்படுவோருக்கு வேறு கதியில்லை என்பதில்தான் இருந்தது. அந்தக் கதியின்மை நீங்கியபின் தலைமைக்கு வேறு பலம் வேண்டும்.

அப்பலம் மூன்று வழிகளிற் பிறக்கும். முதலாவது, கணக்கைத் திறந்து காட்டுவது. தராசில் எவ்வளவு நின்றது, எவ்வளவு கழிக்கப்பட்டது, ஏன் அரைப்பேர் விழுந்தது என்பதை அவள் கேட்குமுன்பே சொல்லவேண்டும். இரண்டாவது, கேட்பது. எந்த மலையில் கொழுந்து முற்றுகிறது, எந்தச் சரிவில் அட்டை மிகுதி என்பதை அலுவலக ஏட்டைவிட அவள் கால்கள் நன்கு அறியும். மூன்றாவது, அந்த அறிவு படைத்தவளையே மேற்பார்வைக்கு உயர்த்துவது.

அண்மைக் காலத்தில் சில கம்பனிகள் புதியதொரு முறையைக் கையாளுகின்றன. குடும்பமொன்றுக்குத் தேயிலைப் பாத்தியைப் பொறுப்பாகக் கொடுத்து, உரம் முதலியன வழங்கி, எடுக்கும் கொழுந்தை நிறைக்கேற்ற விலைக்கு வாங்குகின்றன. இங்கே கங்காணிக்கு அதட்ட வேலையில்லை. ஆலோசனை சொல்லவே வேலை. வரவேற்கத்தக்க மாற்றந்தான். ஆனால், ஊழியர் சேமலாப நிதி என்னாகும், விலை விழும் ஆண்டில் நட்டம் யார் தலையில் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. அக்கேள்வி நியாயமானது. அதிகாரத்தை இறக்கி வைக்கும்போது பொறுப்பையும் சேர்த்து இறக்கிவிடுவது தலைமையன்று; அது நழுவல். கட்டளையைக் கைவிடலாம்; கைப்பிடித்தவரைக் கைவிடலாகாது.

தோட்டத்துக்குச் சொன்னது கந்தோருக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்தும். நீர் வற்றும் காலங்களில் விக்டோரியாவின் அடியிலிருந்து பழைய தெல்தெனியவின் எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு. மக்கள் சென்று பார்க்கிறார்கள். பழைய நினைவுகளைப் பேசுகிறார்கள். ஆனால் குடியிருக்க மேட்டிலுள்ள வீட்டுக்கே திரும்புகிறார்கள். பழைய தலைமையையும் நாம் அவ்வாறே நினைவிற் கொள்வோமாக. அதிற் குடியிருக்க வேண்டாம்.