வண்டிக்குத் தெரியாத பாரம்



2017-ஆம் ஆண்டு பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் ஒரு போர்ஷே கயேன் கார், 285 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ380 விமானத்தை 42 மீட்டர் தூரம் இழுத்துச் சென்றது. அதே ஆண்டு இங்கே ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில், லாசெட்டர் நெடுஞ்சாலையில், ஒரு லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஏழு டிரெய்லர் பூட்டிய 110 டன் சாலை ரயிலை 16 கிலோமீட்டர் இழுத்தது. இந்த இரண்டு வண்டிகளின் கையேட்டையும் திறந்தால், சாலையில் இழுக்கலாம் என்று போட்டிருக்கும் எடை 3,500 கிலோதான்.

ஏன் இவ்வளவு இடைவெளி? அந்தச் சாதனைகள் மூடிய பாதையில், மெதுவான ஓட்டத்தில் நடந்தவை. நாம் போவதோ நாலு பேர் போகிற நெடுஞ்சாலை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தால், முன்னால் இருக்கிற காரோடு பின்னால் வருகிற பாரமும் நிற்க வேண்டும், நேராக நிற்க வேண்டும். அந்த மூன்றரை டன் என்பது எஞ்சினின் பலத்தை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கல்ல. பிரேக், டயர், சட்டகம், கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன எல்லை.

இன்று நான் பேச வந்தது, சொகுசு எஸ்யூவி வாங்கி, அதில் படகோ காரவனோ பூட்ட நினைக்கும் நம் குடும்பங்களுக்காக. எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் மெல்பனிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸுக்குப் படகோடு போனார். வண்டியில் டோ பார் மாட்டியது, ஒயர் இழுத்தது எல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறையில். போகும்போது டாஷ்போர்டில் ‘பல்ப் பழுது’ என்று ஒரு எச்சரிக்கை வந்தது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்ட, ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் டிரெய்லரில் ஒரு விளக்கும் எரியவில்லை. இருட்டு ரோட்டில் ஐந்து மீட்டர் படகு ஒன்று விளக்கே இல்லாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது. பின் ஸீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் அலட்சியம் போய்விட்டது.

என்ன நடந்தது? பட்டறைக்காரர் பழைய வழக்கப்படி, காரின் பின் விளக்குக்குப் போகிற ஒயரிலேயே ஒரு கிளிப்பைக் கவ்வவிட்டு, அதிலிருந்து டிரெய்லருக்குக் கிளை எடுத்திருந்தார். இருபது வருடத்துக்கு முந்தைய காரில் அது ஓடியிருக்கும். இன்றைய சொகுசு வண்டியில் ஒவ்வொரு விளக்கையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்க வேண்டும் என்று அதற்குக் கணக்கு உண்டு. டிரெய்லரின் பிரேக் லைட் பல்ப் ஒன்று 21 வாட். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்இடி விளக்குக்கென்று அளந்து வைத்த பாதையில் திடீரென்று இவ்வளவு போனால், எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அந்தப் பாதையை அடைத்துவிடும். அது தன் கடமையைத்தான் செய்கிறது. தனக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

முறையான வழி என்ன? டிரெய்லருக்கென்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. அது பேட்டரியிலிருந்து தனியாக, தனி பியூஸ் வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். காரிடமிருந்து சேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும்: இப்போது பிரேக் மிதித்தார், இப்போது இடது இண்டிகேட்டர் போட்டார் என்று. மாட்யூலைப் பொருத்திய பிறகு, பட்டறையின் கம்ப்யூட்டரை வண்டியில் செருகி, இந்த வண்டியில் டோ பார் இருக்கிறது என்று காரின் நினைவில் எழுத வேண்டும். கோடிங் என்கிறார்கள். பலர் காசை மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். கோடிங் செய்த வண்டி, பிளக்கைச் சொருகியதுமே பாரத்தைத் தெரிந்துகொள்ளும். ரிவர்ஸ் சென்சார் டிரெய்லரைப் பார்த்துக் கத்தாது. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அடக்குகிற வசதி உங்கள் வண்டியில் இருந்தால், அதுவும் விழித்துக்கொள்ளும். நீங்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அது.

பிளக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 7 பின் தட்டை பிளக். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, பழுப்பு டெயில் லைட், சிவப்பு பிரேக் லைட், கறுப்பு ரிவர்ஸ், நீலம் டிரெய்லரின் மின் பிரேக். வெள்ளை, எர்த். இந்த வெள்ளை ஒயரை நான் தனியாகச் சொல்கிறேன். டிரெய்லர் விளக்குத் தொல்லைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுகிறதா? பல்பை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். எர்த் துருப்பிடித்திருக்கிறது, மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் வேறு பல்ப் வழியாகப் போகிறது. படகு வைத்திருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீரால் இது அடிக்கடி வரும். படகை இறக்கப் பின்னால் போவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்ப் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் வெடிக்கலாம்.

நீல ஒயரின் கனத்தையும் கேட்டு வாங்குங்கள். மின் பிரேக்கின் ஒவ்வொரு காந்தமும் ஏறக்குறைய மூன்று ஆம்பியர் இழுக்கும். இரட்டை அச்சுக் காரவனுக்கு நான்கு சக்கரம், பன்னிரண்டு ஆம்பியர். இங்கே கடையில் ‘6 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள்’ என்று விற்பது மேலுறையோடு அளந்த அளவு; உள்ளே செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். ஒயர் மெலிந்தால் பிரேக்கும் மெலியும்.

சட்டம் சொல்வதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். அதோடு, டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நிற்கிற கருவியும் வேண்டும். மொத்த எடை இரண்டரை டன்னுக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு.

கடைசியாக எடை. ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பது தெரியும். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படியே. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பாரமானால் வால் ஆடும். அந்த ஆட்டம் பெருகிக் காரையும் இழுத்துக்கொண்டு போகும்.

சாதாரண வண்டியில் கொக்கியின் மேல் பாரம் கூடினால் பின்பக்கம் தாழும். பார்த்ததும் தெரியும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியோ தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வெளியே பார்த்தால் மட்டமாக நிற்கும், உள்ளே உட்கார்ந்தால் அமைதியாக இருக்கும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். கொக்கியின் எடையை ஒரு தராசில் வைத்து அளந்து பாருங்கள். அந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும். கார் 700 கிலோ சுமக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 2,500 கிலோ காரவன் என்றால் கொக்கியில் 250. ஆளுக்கு 75 கிலோ என்று ஐந்து பேர், 375. பெட்டி, குளிர்ப்பெட்டி, சமையல் சாமான் எல்லாவற்றுக்கும் மீதி 75 கிலோதான்.

அடுத்த முறை டிரெய்லரைப் பூட்டும்போது, புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்து இடது, வலது, பிரேக், டெயில் லைட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எரிகிறது என்று அவர் வாயால் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.