ஹெல்பர் என்று எழுதப்பட்ட வெல்டர்

(திருவெறும்பூரில் ஐடிஐ மாணவர்களுக்கான வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழிலாளர் இடப்பெயர்வு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டை இன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். கையில் இருப்பது என் அண்ணனின் பிளாஸ்டிக் பை. பாஸ்போர்ட், ஐடிஐ சான்றிதழ், பழுப்பேறிய நான்கைந்து தாள்கள். 12 வருட உழைப்புக்கு இவ்வளவுதான் சாட்சி.

எங்கள் அப்பா ஊருக்குச் சாவு சொல்லப் போனவர். அண்ணன் பெல் ஆலையைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கு வெல்டராகப் போனான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் எதிர்த்துப் போராடினார், 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் என் குடும்பம் மத்தியானத்துக்கு மேல் எதைக் கற்றிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங்கோ எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாத தொழில். எட்டாம் வகுப்பு முடித்தவர் ஓராண்டில் படிக்கலாம். நம் பிள்ளைகள் அதை நோக்கி ஓடியதில் வியப்பில்லை.

வளைகுடா வேலைக்கு ஆளெடுத்தபோது அண்ணனுக்கு சிக்ஸ் ஜி சோதனை வைத்தார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து இறுக்கிவிடுவார்கள், அது நகராது. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, ரூட்டிலிருந்து மேல்வரை போட்டு முடிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் பிலிமுக்கு அப்பன் பெயர் தெரியாது. அண்ணன் முதல் தடவையே தேறினான். அன்று ராத்திரி அப்பா அந்தக் கதையை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். சான்று எங்கே என்று கேட்டேன். "கம்பெனி பைல்ல இருக்கும்டா" என்றான்.

இதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ கொதிகலன் விதித்தொகுப்பில் ஒன்பதாம் பகுதி வெல்டர் சோதனையைப் பற்றியது. வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளில் பெரும்பாலும் அதுதான் நடைமுறை. அதன்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி தருவது வேலையளிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. வேறு நிறுவனத்துக்குப் போனால் பொதுவாக மறுபடியும் சோதனைதான். ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமலிருந்தால், அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். ஐஎஸ்ஓ 9606 சான்று வெல்டரின் பெயரில் வரும். ஆனால் அதிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் தாள்.

மறுசோதனை அண்ணனுக்குப் பயமில்லை. ஒரு கூப்பன் போட்டுக் காட்ட அரை நாள் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பித்தால் டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு தகுதியை மதிப்பிடும். கனடாவில் அந்தந்த மாகாணம் பார்க்கும். ஆல்பர்ட்டாவில் சான்றோ பயிற்சிப் பதிவோ இல்லாமல் வெல்டர் தொழிலே செய்ய முடியாது. இவர்கள் கையைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பவர்கள். எத்தனை வருடம், என்ன வேலை, சம்பளம் வந்ததற்கு ஆதாரம், வேலை கொடுத்தவரின் கடிதம்.

வளைகுடா போவதற்கு முன் எட்டு வருடம் அண்ணன் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். சம்பளம் கையில்தான். கடிதம் கேட்டு அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றான். வாசலில் என்றால் வாசலில்தான், திண்ணை வரைகூட இல்லை. நான்காம் நாள் கடிதம் வந்தது. அதில் 'ஹெல்பர்' என்று இருந்தது. கேட்டதற்கு, "உங்க ஆளுங்களுக்கு ரெஜிஸ்டர்ல அப்படித்தான் போட்டிருக்கேன், கூலியும் அதுக்குத்தானே குடுத்தேன்" என்றாராம். அதே பட்டறையில் அண்ணனிடம் தொழில் கற்ற ஒருவர், காண்ட்ராக்டரின் சொந்தக்காரர், ரெஜிஸ்டரில் வெல்டர்.

நடுநிலையான எக்ஸ்ரே பிலிமுக்கு இந்தப் பக்கம் ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது தோழர்களே. அதை எழுதும் கை யாருடையது என்று இடப்பெயர்வு ஆய்வுகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. என் ஆய்வும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வித்தாளை மாற்றினேன்.

வேறு வழி இல்லாமலில்லை. ஜெர்மனியில் 2012இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டில் முறையாகத் தொழில் படித்தவர், தன் தவறில்லாமல் சில ஆவணங்களைத் தர முடியாவிட்டால், வேலை செய்து காட்டித் திறமையை நிறுவலாம். செலவும் மொழியும் தடைதான், இருந்தாலும் கதவு இருக்கிறது. நம் அரசும் இதைச் செய்யலாம். பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியைச் சோதித்து, அவர் பெயரிலேயே, காண்ட்ராக்டர் கையெழுத்து தேவைப்படாத சான்று கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அதுவரை? சோதனை முடிந்த அன்றே சான்றைப் போனில் படமெடுத்துவிடுங்கள். சம்பளத்தை வங்கியில் கேளுங்கள். பிஎப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயரும் மாதமும் பதிவாகும். அதில் ஹெல்பரா வெல்டரா என்று இருக்காது, ஆனால் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அண்ணன் இப்போது மறுபடியும் துவாக்குடியில் வேலை பார்க்கிறான். இந்தத் தடவை சேர்ந்த முதல் நாளே ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லியிருக்கிறான். சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

பின்னால் மேசையில் என் மடிக்கணினி இருக்கிறது. யுஏஎன் எண் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், பாஸ்புக்கை இறக்கிப் பார்த்துவிடலாம்.