ரொட்டியும் பூரணமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கின்றனர். சமயம் பேசச் சான்றோர் இருக்கின்றனர். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எளியேனைச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, எனக்கும் உங்களுக்கும் நன்கு தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்வது நலம் என எண்ணினேன். அப்பொருள் உணவு. அதிலும், நம் காலனி வீடுகளில் காலைதோறும் வழக்கு நடப்பதற்குக் காரணமான ஓர் உணவு. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே எதையேனும் வைத்து உண்ணுகின்ற சாண்ட்விச்சைத்தான் சொல்கிறேன்.

அந்த வழக்கை நீங்கள் அறிவீர்கள். ஆறு மணிக்கு இட்லித் தட்டு அடுப்பில் ஏறுகிறது. ஏழு மணிக்குப் பிள்ளை, "எனக்கு இட்லி வேண்டா, வகுப்பில் எல்லோரும் ரொட்டிதான் கொண்டுவருகிறார்கள்" என்கிறது. "ரொட்டி காய்ச்சல்காரனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது ஓர் ஆகாரமா?" என்று பாட்டி கேட்கிறார். இருவருக்கும் நடுவே கரண்டியும் கையுமாக நிற்பவர் தாய். தந்தையாரோ, அலுவலகத்திற்கு நேரமாயிற்று என்று நழுவிவிடுகிறார்.

தீர்ப்புக் கூற நான் நீதிபதி அல்லேன். ஆயினும், இவ்வழக்கில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. இரு தரப்பாரும் ரொட்டியைப் பற்றியே வாதிடுகின்றனர். ரொட்டிக்கு உள்ளே வைப்பது யாது என்பதைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

முதலில் அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அவ்வூரின் பெயரால் பட்டம் பெற்ற பிரபுக்களில் நான்காமவர் ஜான் மாண்டேகு. அவர் 1718இல் பிறந்து 1792இல் மறைந்தவர். அந்நாட்டுக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது பிரெஞ்சுப் பயணி ஒருவர் எழுதி வைத்த கதை. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதிய ஆசிரியரோ, அலுவல் மிகுதியால் எழுத்து மேசையிலிருந்தே உண்டிருக்கக் கூடும் என்கிறார். குமாஸ்தாக்களாகிய நாங்கள் இரண்டாவது கூற்றையே நம்புகிறோம்! எட்வர்ட் கிப்பன் என்னும் வரலாற்று ஆசிரியர் 1762 நவம்பரில் தம் நாட்குறிப்பில் இப்பெயரை எழுதியுள்ளார். இதற்கு முற்பட்ட எழுத்துச் சான்று இல்லை என்பர்.

ரொட்டி நம் கரைக்கு வந்தது அதற்கும் முன்னர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே கரையிறங்கிய பின், போர்த்துக்கீசியர் புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டியை மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். ரொட்டிக்கு அவர்கள் வழங்கிய சொல்லே பம்பாயில் பாவ் ஆயிற்று. இலங்கைத் தமிழரிடையே பாண் ஆயிற்று. இக்கேரளத்தில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பார் 1880இல் ரொட்டியும் பிஸ்கட்டும் செய்யும் சாலை ஒன்றை நிறுவினார். ஆகவே, ரொட்டி நேற்று வந்த விருந்தாளி என்று நாம் அதைத் திண்ணையிலேயே உட்கார வைக்க வேண்டியதில்லை.

இனி, அவ்விருந்தாளியை மற்ற ஊரார் எவ்வாறு நடத்தினர் என்று பாருங்கள். மும்பை நகரத் தெருக்களில் விற்கும் சாண்ட்விச்சில் ஆங்கிலேயரின் இறைச்சி இல்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியில் கொத்துமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்த துவையலைப் பூசி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றை வில்லை வில்லையாக அடுக்கி, மசாலைப் பொடி தூவித் தருகின்றனர். அந்நகரின் புகழ்பெற்ற வடா பாவ் என்னும் பண்டம் தாதர் இரயில் நிலையத்தின் வாயிலில் 1966இல் அசோக் வைத்யா என்பவரின் கடையில் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்வர். வேலைக்கு ஓடுகின்ற மக்கள் ஒரு கையில் பிடித்து உண்பதற்காக, நம் உருளைக்கிழங்குப் போண்டாவைப் போன்ற வடையையும் பூண்டுத் துவையற் பொடியையும் பாவுக்குள் வைத்தார்கள். இரயில்வேக்காரன் என்ற முறையில் இதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

இலங்கையில் வெங்காயத்தைச் சர்க்கரையும் மிளகாயும் சேர்த்து வதக்கிய சீனிச் சம்பலைப் பணிஸுக்குள் வைப்பார்கள். சிங்கப்பூரில் தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய காயாவை வாட்டிய ரொட்டிக்குள் பூசுவார்கள். வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த நீண்ட ரொட்டியைப் பிளந்து, காடியில் ஊறிய காரட்டும் முள்ளங்கியும், இறைச்சியும், கொத்துமல்லித் தழையும், மிளகாயும் வைத்து, அதைத் தம் நாட்டு உணவாகவே ஆக்கிக்கொண்டனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? ரொட்டி ஊர் ஊராகச் சென்றது. சென்ற இடமெல்லாம், உள்ளே வைக்க வேண்டியதை அவ்வூரார் தாமே தீர்மானித்தனர். நாம் மட்டும் ஏன் கடைப் புட்டியிலுள்ள சிவப்பு ஜாமுக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுத்தோம் என்பதே என் கேள்வி.

உள்ளே வைத்து உண்பது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையும், தீபாவளிச் சோமாசியும், போளியும், சுகியனும், நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்தும் அவ்வகையினவே. நம் மலையாள அண்டை வீட்டார் வாழையிலையில் அரிசி மாவைப் பரப்பி, தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து அவிக்கும் இலையடையும் அதன் உறவே. உள்ளே வைப்பதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் பூரணம். பூரணம் என்றால் நிறைவு. மேல் மாவை எத்துணை மெல்லியதாகத் தட்டினும் அதற்கு அப்பெயரை அவர்கள் கொடுக்கவில்லை.

திருவனந்தபுரத்துக் கலியாண வீடுகளில் உண்டவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். இலையில் மஞ்சள் நிறப் போளியை இட்டு, அதன்மேல் பாயசத்தை ஊற்றுவர். போளி இந்நகருக்குத் தமிழர் அடுக்களை வழியாக வந்தது என்று இங்குள்ளோர் கூறுவர். நாம் நெய் தடவித் தனியே உண்டதை, இவ்வூரார் பாயசத்தோடு சேர்த்தனர். இன்று அது திருவனந்தபுரத்தின் சொந்தப் பண்டமாகிவிட்டது. வந்தவர் பூரணத்தைக் கொடுத்தனர். இருந்தவர் பாயசத்தைக் கொடுத்தனர். எவர்க்கும் இழப்பு இல்லை.

நாம் வாழும் இச்சாலைப் பகுதியின் வரலாறும் இதுதான். 1789இல் திருவிதாங்கூர் திவானாகப் பொறுப்பேற்ற ராஜா கேசவதாசர் அமைத்த கடைத்தெரு இது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் சரக்கு வந்தது. சரக்கைத் தொடர்ந்து நம்மவரும் வந்தனர். செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்கு 1904இல் இரயில் வந்தது. தம்பானூர் நிலையம் 1931இல் திறக்கப்பட்டது. நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979இல் பாதை அமைந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சாலைக் கடைத்தெரு கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு மாறியது. ஆனால் அதனால் காய்கறி வண்டிகள் நின்றுவிடவில்லை. பூரணத்திற்கு வேண்டிய யாவும் இன்றும் நம் வாயிலிலேயே கிடைக்கின்றன.

எங்கள் அலுவலகத்தில் பகலுணவு வேளையில் நான் கண்டவற்றைக் கூறுகிறேன். நெல்லை நண்பர் ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவி, எள்ளு மிளகாய்ப் பொடியைத் தூவிக் கொண்டுவருவார். தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குத் தக்காளித் தொக்கு இல்லையெனில் ரொட்டி இறங்காது. குளச்சல் பக்கத்து நண்பர் முள் நீக்கிய பொரித்த மீனை, எலுமிச்சைச் சாறு பிழிந்த வெங்காயத்தோடு பன்னுக்குள் வைத்து உண்பார். மலையாளத் தோழர் ஒருவர், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இட்ட முட்டை அடையை வைப்பார். இன்னொருவர் சம்மந்திப் பொடியை வைப்பார். தேங்காயை மிளகாய், புளி, கறிவேப்பிலையோடு சிவக்க வறுத்து இடித்த அப்பொடி பல நாள் கெடாது.

தாய்மார்களுக்கு என் வீட்டு அடுக்களையில் கற்ற சில குறிப்புகளையும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரை தடவ வேண்டும். நெய்ப்பசை நீரைத் தடுக்குமாதலால், ரொட்டி நண்பகல் வரை ஊறிப் போகாது. தக்காளி, வெள்ளரி வில்லைகளில் சிறிது உப்பைத் தூவி வைத்திருந்து, கசியும் நீரைத் துடைத்த பின்னரே அடுக்க வேண்டும். பச்சைத் தேங்காய்ச் சட்டினி இவ்வூர் வெக்கையில் நண்பகலுக்குள் புளித்துவிடும். அதற்குப் பதில் வறுத்த பொடியோ, நீரின்றி அரைத்த கொத்துமல்லித் துவையலோ உகந்தது. உருளைக்கிழங்கு மசாலை மிஞ்சினால், ரொட்டிக்குள் வைத்துத் தோசைக்கல்லில் இருபுறமும் நெய்விட்டு வாட்டலாம். இனிப்பு விரும்பும் சிறுவருக்கு, அவித்து மசித்த நேந்திரம் பழத்தில் தேங்காய்ப் பூவும் ஒரு துளி நெய்யும் சேர்த்தால், அதைவிடச் சிறந்த ஜாம் எது?

நம் காலனியில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு சிறுமி, மிளகாய்ப் பொடி தடவிய இட்லியைத் தொடாமலே மூன்று நாள் வீட்டிற்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். வகுப்பில் யாரோ டப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களாம். பசித்துத் திரும்பிய பிள்ளையைப் பார்த்துத் தாய் கண் கலங்கினார். பாட்டியார்தாம் வழி கண்டார். "ரொட்டியே இருக்கட்டும்; உள்ளே நான் வைக்கிறேன்" என்றார். அதே மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய்க்குப் பதில் வெண்ணெயோடு ரொட்டிக்குள் சென்றது. டப்பா காலியாகத் திரும்பியது. மறுவாரம் அச்சிறுமி இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டாள். யாருக்கு என்று வினவியபோது, "பக்கத்தில் உட்காரும் தோழிக்கு" என்றாள். அத்தோழி இலையடை கொண்டுவரத் தொடங்கினாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அச்சிறுமியே இட்லி கேட்கிறாளாம்.

ரொட்டியை நாள்தோறும் கொடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மைதா ரொட்டி ஒருபோதும் இட்லிக்கு ஈடாகாது. கேட்கும் நாளில் கொடுப்போம். கூடுமானால் கோதுமை ரொட்டியாகக் கொடுப்போம். ஆனால் அதைக் காரணமாக்கிப் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டா. நம் வீட்டுச் சுவையைக் கைவிட்டுவிடவும் வேண்டா. நம் பிள்ளைகள் அணியும் சீருடை இவ்வூர்ப் பள்ளியின் சீருடை; தெருவில் பேசுவது மலையாளம்; வகுப்பில் படிப்பது ஆங்கிலம். இவையெல்லாம் அவர்களுக்கு வேண்டுவனவே. இவற்றுக்குள்ளே நாம் வைக்கும் தமிழ் மட்டும் குறையாதிருந்தால் போதும். அதைக் கடையில் வாங்க இயலாது. வீட்டில்தான் கிளற வேண்டும்.

முடிக்குமுன் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் சிற்றுண்டியை வெளியே வாங்காமல், ரொட்டியை மட்டும் சங்கம் வாங்கி அடுக்கட்டும். உள்ளே வைப்பதை வீட்டுக்கு ஒன்றாக நாம் கொண்டுவருவோம்: தொக்கு, பொடி, துவையல், மசாலை, பூரணம் எதுவாயினும் ஆகுக. செய்முறையைப் பாட்டிமார் சொல்ல, பிள்ளைகள் தமிழில் ஒரு தாளில் எழுதி அருகே வைக்கட்டும். அண்டை வீட்டு மலையாள அன்பர்களையும் அழைப்போம். அவர்கள் சம்மந்திப் பொடியோடு வரட்டும். அத்தாள்களைத் தொகுத்து அதற்கடுத்த மலரில் அச்சிட்டால், நம் அடுக்களைகளின் சுவை நமக்குப் பின்னும் நிலைத்திருக்கும். முதல் தாளுக்குரிய எள்ளு மிளகாய்ப் பொடியை என் வீட்டார் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர்.