பழைய லோரியும் புட்டி மருந்தும்

(செம்பனைத் தோட்டமொன்றில் லோரி ஓட்டுநர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆற்றிய உரை)



கையிருப்பையெல்லாம் திரட்டிப் பழைய லோரி ஒன்றை வாங்கி ஓட்டிப் பிழைக்கும் அன்பர்கள் தோட்டப்புறங்களில் பலர் உள்ளனர். அந்த லோரி கரும்புகை கக்கினாலும் மேட்டில் திணறினாலும் அவர்கள் மனம் பதைக்கின்றது. அவ்வேளையில், டீசலில் கலப்பதற்கென்று விற்கப்படும் அடிட்டிவ் என்னும் மருந்துப் புட்டி கண்ணில் படுகின்றது. அதனை ஊற்றுமுன் அறிய வேண்டியவற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், ஒரு புட்டி நல்லதென்றால் மூன்று புட்டி மூன்று மடங்கு நல்லது என்றெண்ணி, ஒரே நாளில் மூன்றையும் ஊற்றினார். பல ஆண்டுகளாகத் தொட்டியில் படிந்திருந்த கசடு கிளம்பி வடிகட்டியை அடைத்தது. குலைகளை ஏற்றிய லோரி செம்மண் பாதையின் நடுவே நின்றது. வெட்டிய குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலையைச் சேராவிடில் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று அவருக்கு நேர்ந்த இழப்புக்குக் காரணம் மருந்தன்று, அளவறியாமல் ஊற்றியதேயாகும்.

மருந்துகள் பலவகைப்படும். சில, டீசலைத் தூவும் நாசிலைத் துப்புரவாக்குகின்றன. சில, டீசல் விரைவில் தீப்பற்றத் துணைபுரிகின்றன. சில, தொட்டியில் வளரும் பூசணத்தைக் கொல்கின்றன. இன்னும் சில, கடுங்குளிரில் டீசல் உறையாதிருக்கச் சேர்க்கப்படுபவை. நமது வெப்ப நாட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

பம்பின் தேய்மானத்தைக் குறைக்கும் மருந்தும் உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் விற்கப்படும் யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைகின்றது. ஆயினும், 2019ஆம் ஆண்டில் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலந்த டீசல் கட்டாயமாயிற்று. அந்தப் பயோடீசலே இழந்த வழுவழுப்பை ஈடுசெய்கின்றது. நீங்கள் வெட்டியனுப்பும் குலையே உங்கள் பம்புக்கும் காவலாகின்றது! ஆனால், பயோடீசல் பழைய கசடைக் கரைக்கும், நீரையும் ஈர்க்கும். ஆதலால் பழைய லோரி வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் கசடையும் வடித்து, வடிகட்டியை மாற்றி, ரப்பர்க் குழாய்களில் கசிவுள்ளதா எனப் பார்ப்பதாகும்.

அடுத்து, புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கரும்புகைக்குக் காற்று வடிகட்டியின் அடைப்போ நாசிலின் பழுதோ காரணமாகலாம். நீலப்புகை, இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை ஓயாது வருமாயின், டீசல் எரியாமல் வெளியேறலாம். அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசியலாம். தேய்ந்த ரிங்கை எந்தப் புட்டியும் புதிதாக்காது. அதற்குப் பட்டறையே வழி.

இனி அளவு. 1,000 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டர் மருந்து என்று புட்டியில் குறித்திருந்தால், 80 லிட்டருக்கு 80 மில்லிலிட்டர் போதும். தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடாதீர். அதில் இருக்கப்போகும் டீசலைக் கணக்கிடுங்கள். மருந்தை முதலில் ஊற்றிப் பின்னர் டீசல் நிரப்பினால் நன்கு கலக்கும். இரண்டு வகை மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்.

டீசலில் பெட்ரோலைக் கலக்கவே கூடாது. சிறிதளவு பெட்ரோலும் தொட்டியிலுள்ள ஆவியை எளிதில் தீப்பற்றச் செய்யும். புதுரக லோரிகளுக்கான ஆட்புளூ என்னும் யூரியாக் கரைசலையும் டீசல் தொட்டியில் ஊற்றாதீர். அதற்குத் தனித் தொட்டி உண்டு.

தாய்மார்களே, இனிக் கூறப்போவது உங்களுக்கும் உரியது. லோரி பழுதானால் திருத்தலாம். பிள்ளையின் உயிர் போனால் மீளுமா? மிஞ்சிய மருந்தைச் சர்பத் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர். அதன் சொந்தப் புட்டியிலேயே இறுக மூடி, அடுப்புக்கும் சுவாமி விளக்குக்கும் தொலைவில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

எவரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர். மண்ணெண்ணெயைப் போன்ற இத்திரவம் மேலேறி வரும்போது நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே கேடு விளைவிக்கலாம். உடனே 999 எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். குழாயை வாயில் வைத்து டீசலை உறிஞ்சும் பழக்கத்திலும் இதே ஆபத்து உள்ளது. அப்பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சிறிய கைப்பம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்தை ஊற்றும்போது கையுறை அணியுங்கள், காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள், புகைபிடிக்காதீர். சில மருந்துகளின் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.

அன்பர்களே, முதலில் துப்புரவு, அடுத்து பழுதுபார்த்தல், அதன் பின்னரே மருந்து, அதுவும் அளவோடு. இவ்வரிசையைக் கடைப்பிடித்தால் உங்கள் லோரியும் நெடுநாள் உழைக்கும். இல்லமும் நலமாக இருக்கும்.