குறைமாதப் பிள்ளையோடு ஊர் திரும்பும்போது

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை)

காணி துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, வீட்டுத்திட்டப் பதிவு எல்லாம் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் கதைக்க வந்தது குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி. நான் வைத்தியர் இல்லை, நிறுவனத்தின் தகவல் பிரிவில் வேலை செய்பவள். ஆனால் என் பெறாமகன் 32 வாரத்தில் பிறந்தவன். பிசியோதெரபி செய்பவர் அக்காவுக்கும் எங்களுக்கும் காட்டித் தந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

37 வாரம் நிறைய முதல் பிறந்தால் குறைமாதம். கடைசி வாரங்களில் பிள்ளை வயிற்றுக்குள் இடம் போதாமல் கைகால் மடக்கிச் சுருண்டு கிடக்கும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சுருளல் கிடைப்பதில்லை. தசை தளர்ந்து, தவளை மாதிரிக் காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கும். வெளியே வந்த பிறகு அந்த அணைப்பை நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் வயதுக் கணக்கு. 8 வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இன்று 6 மாதம் என்றால், அசைவுகளைப் பார்க்கும்போது 4 மாதப் பிள்ளை என்றே எண்ணுங்கள். 2 வயது வரை இப்படிக் கழித்துப் பார்க்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது, பிறந்த திகதிதான் கணக்கு. இது தெரியாததால், "பக்கத்துக் கொட்டில் பிள்ளை பிரளுது, உன்ர பிள்ளை இன்னும் கிடக்குது" என்ற பேச்சைக் கேட்டு அக்கா அழுத இரவுகள் உண்டு.

பயிற்சி என்றதும் கைகாலைப் பிடித்து இழுப்பது என்று நினைக்க வேண்டாம். அம்மம்மாமார் கோபிக்கக்கூடாது: குளிப்பாட்டும்போது கைகாலை நீட்டி முறுக்குவதும் மூக்கையும் தலையையும் பிடித்து உருவுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். எலும்பு மெல்லியது.

செய்ய வேண்டியவை நாளாந்த வேலைக்குள்ளேயே இருக்கின்றன. தூக்கும்போது கால்கள் மடங்கி, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நடுவில் சேர்ந்து வரும்படி தூக்குங்கள். உங்கள் முகத்தை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்துக் கதையுங்கள். பிள்ளை பார்த்ததும் முகத்தை மெதுவாகப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் கண்ணும் தலையும் பின்னால் வரும். ஒற்றை அறையில் பிள்ளை எப்போதும் வாசல் வெளிச்சத்தையே பார்த்துக் கிடக்கும். அதனால் தலை ஒரு பக்கம் தட்டையாகும். ஒருநாள் தலைமாட்டை மாற்றிக் கிடத்துங்கள்.

கவிழ்த்து விடுவது கழுத்துக்கும் தோளுக்கும் பலம். முதலில் உங்கள் நெஞ்சிலேயே கவிழ்த்து வையுங்கள். பிறகு பாயில் ஒன்றிரண்டு நிமிடமாக, நாளுக்குப் பல தடவை. விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கத்தான்.

கொட்டிலில் பாம்பு, பூச்சிப் பயத்தில் பிள்ளையை நாள் முழுக்க ஏணையிலேயே விடுகிறோம். பயம் நியாயமானது. ஆனால் ஏணைக்குள் பிள்ளை பிரளவும் உதைக்கவும் முடியாது. சாக்கு விரித்து அதன்மேல் பாய் போட்டு, ஒருவர் காவலுக்கு இருந்தால் போதும்.

கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்தல், முகத்தைத் திருப்புதல் எல்லாம் "போதும்" என்று பிள்ளை சொல்வதுதான். உடனே நிறுத்தி அணைத்துக்கொள்ளுங்கள்.

இது தாய்க்கு மட்டுமான வேலை இல்லை. சின்னப் பிள்ளையை வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்திருக்கும் முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில், எட்கார் ரே என்ற வைத்தியர் தொடங்கியது. இல்லாமையில் பிறந்த முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. எங்கள் வீட்டில் அத்தான் பின்னேரங்களில் சேட்டைக் கழற்றிவிட்டு மகனை நெஞ்சில் போட்டுக்கொண்டு வானொலி கேட்பார்.

இவ்வளவும் செய்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மூளையில் பாதிப்பு இருந்தால் பயிற்சி அதை அழிக்காது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பிள்ளை தன்னால் இயன்றதைப் பழக வழி கிடைக்கும். கழித்த வயதில் 4 மாதத்துக்குப் பிறகும் தலை நிற்காவிட்டால், கைகள் எப்போதும் பொத்தியபடி இருந்தால், 9 மாதமாகியும் பிடிக்காமல் இருக்க முடியாவிட்டால், கால்கள் விறைத்துக் கத்தரிபோலக் குறுக்கிட்டால், ஒரு வயதுக்கு முதலே ஒரு கையை மட்டும் பாவித்தால், காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பெறாமகனின் வலக்கை பொத்தியபடியே இருந்தது. ஒரு கிளினிக்கில் "வளர வளரச் சரிவரும்" என்று இரண்டு மாதம் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் நாங்கள் இடமும் மாறினோம், துண்டுகளும் தொலைந்தன. புது இடத்தில் அக்கா மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அவன் ஓடுவான். போத்தல் மூடியை மட்டும் இடக்கையால்தான் திறப்பான்.

ஆகவே மூட்டை கட்டும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வையுங்கள். ஊருக்குப் போன முதல் வாரமே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். பதிவேடு தொலைந்திருந்தால் எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த நிறை என்ன, எத்தனை நாள் வைத்தியசாலையில் இருந்தது என்பதை இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இப்போது பொம்மையை வைத்துத் தூக்கும் முறையைக் காட்டப்போகிறேன். பின்னால் நிற்கும் தகப்பன்மாரும் முன்னுக்கு வாருங்கள்.