கிணற்று நீரைச் சோதித்தறிந்து பாய்ச்சுங்கள்

(தருமபுரி மாவட்ட உழவர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாசன நீரைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நீர் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பற்றி அல்ல. அந்தக் கவலை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிடைக்கிற நீர் எப்படிப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

நாம் களையென்று வரப்பிலிருந்து பிடுங்கி எறிகிறோமே அருகம்புல், அதைப் பெரும் பணம் செலவழித்து வளர்க்கிறவர்களும் உண்டு. வெப்ப நாடுகளில் கோல்ஃப் மைதானங்களில் பச்சைக் கம்பளம் போல விரிந்து கிடப்பது பெரும்பாலும் அருகும் அதன் கலப்பினங்களும்தான். உப்பைத் தாங்குவதில் அருகு கெட்டிக்காரப் பயிர். மண் கரைசலின் மின்கடத்து திறன் 6.9 டெசிசைமன் ஆகும் வரை அதன் வளர்ச்சி குறைவதில்லை என்று உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பட்டியல் கூறுகிறது. அப்படிப்பட்ட புல்லுக்கே நல்ல மைதானங்களில் நீரைச் சோதித்து, வேண்டுமானால் ஜிப்சம் சேர்த்து, வடிகால் அமைத்துப் பாய்ச்சுகிறார்கள். அதே பட்டியலில் தக்காளிக்கு 2.5, வெங்காயத்திற்கு 1.2, பீன்சுக்கு 1.0 தான். இந்த மென்மையான பயிர்களை வைத்துப் பிழைக்கும் நம்மில் எத்தனை பேர் கிணற்று நீரைச் சோதித்திருக்கிறோம்?

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் பாலக்கோடு பக்கத்து உழவர் ஒருவர் வந்தார். திறந்த கிணறு வற்றிப்போனதால் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார். முதலிரண்டு ஆண்டுகள் தக்காளி நன்றாக வந்தது. மூன்றாம் ஆண்டு செடி வெளுத்தது. நான் இலையைப் பார்த்தேன், நீரைப் பார்க்கவில்லை. யூரியாவும் துத்தநாக சல்பேட்டும் இடச் சொன்னேன். அவரும் செலவு செய்தார், பயன் இல்லை. பிறகு நிலத்திற்கே போனேன். பாய்ச்சி மூன்று நாளாகியும் சாலில் கலங்கல் நீர் நின்றது. காய்ந்த இடத்தில் மண் செங்கல்லாக இறுகியிருந்தது. நீரைச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முதல் நாளே அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பருவத்துச் செலவு மிஞ்சியிருக்கும்.

மண்ணில் என்ன நடந்தது? நமது மாவட்டம் கடும்பாறைப் பூமி. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீரில் சில இடங்களில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் குறைவு. இந்த நீரைப் பாய்ச்சும்போது பைகார்பனேட்டானது மண்ணிலுள்ள கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடுகிறது. எஞ்சிய சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ள, துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. நீர் இறங்காது, வேருக்குக் காற்று கிடைக்காது, இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது. நல்ல நிலம் களராவது இப்படித்தான். சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாக அடைத்துக்கொள்வதும் அதே சுண்ணாம்புப் படிவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏற்றிய ஃபுளோரைடும் இத்தகைய நீரில்தான் எளிதில் தங்குகிறது. கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த, காரத்தன்மையுள்ள நீரில் அது கரைந்தே நிற்கும். குடிநீருக்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் நம் ஊர்களுக்கு வந்தது. ஆனால் வயலுக்குப் பெரும்பாலும் பழைய கிணறுதானே! கீழே நான் சொல்லும் ஜிப்சம் முறை பயிருக்கு மட்டுமே. அப்படிச் சீர்செய்த நீரைக் குடிக்கலாம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.

சோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று மின்கடத்து திறன், அதாவது மொத்த உப்பு. 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் எல்லாப் பயிரும் வைக்க முடியாது. மற்றொன்று எஞ்சிய சோடியம் கார்பனேட். இது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்ட் வரை இருந்தால் நல்லது; 2.5-க்கு மேல் போனால் அப்படியே பாய்ச்சுவது நிலத்திற்குக் கேடு.

இரண்டும் ஒரே நோய் அல்ல. முதலாவது எண் மட்டும் உயர்ந்திருந்தால் ஜிப்சம் போட்டு ஒரு பயனும் இல்லை. அதுவும் ஓர் உப்புதானே. அங்கே வடிகாலும், நல்ல நீர் கலப்பதும், பயிர் மாற்றமும்தான் வழி. 3.0 உள்ள கிணற்று நீரோடு 0.5 உள்ள ஏரி நீரையோ பண்ணைக்குட்டை மழைநீரையோ சரிபாதி கலந்தால் 1.75 ஆகிவிடும். வெங்காயத்தை விட்டுப் பருத்தி, சோளம் என்று மாறினால் அவை தாங்கும். சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து நிற்கும். சிறு தூறல் விழுந்தால் அது வேருக்குத் திரும்பி வரும். தூறும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது எண் உயர்ந்திருந்தால் ஜிப்சம் கைகொடுக்கும். கணக்கு எளிது. ஓர் ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் பாயும் நீரில் ஒரு மில்லி ஈக்விவலண்டைக் குறைக்க 3.5 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். உங்கள் நீர் 4.5 காட்டுகிறது, 2.5-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். குறைக்க வேண்டியது 2. ஒரு பாய்ச்சலுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் 3.5-ஐ 2-ஆலும் 5-ஆலும் பெருக்க, 35 கிலோ. நீங்கள் வாங்கும் ஜிப்சம் எழுபது விழுக்காடு தூய்மை என்றால் 50 கிலோ, ஒரு மூட்டை. பத்துப் பாய்ச்சலுக்குப் பத்து மூட்டை. விலையையும் வண்டிக் கூலியையும் கணக்கிட்டுப் பயிரின் வரவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இறங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பரப்பைக் குறைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

தூளாக இருந்தால் நிலத்தில் சீராகத் தூவி மேலாகக் கிளறிவிட்டு நீர் கட்டலாம். கட்டியாகக் கிடைத்தால் மோட்டார் நீர் விழும் இடத்தில் ஒரு தொட்டி கட்டி, கட்டிகளை நிரப்பி, நீர் அடியிலிருந்து ஏறி வழியும்படி செய்யலாம். ஒரு கிலோ ஜிப்சம் முழுதும் கரைய ஏறத்தாழ 400 லிட்டர் நீர் வேண்டும். ஆகையால் சொட்டுநீர்த் தொட்டியில் அள்ளிக் கொட்டினால் குழாய்தான் அடைபடும். அவர்கள் நிலத்திலேயே இடட்டும். முன்பே களராகிவிட்ட நிலத்திற்கு மண்ணையும் சோதித்துத் தனியாக அளவு பெற வேண்டும். அங்கே ஜிப்சத்திற்குப் பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் இளகும்.

மாதிரி எடுப்பதிலும் தவறு நேர்கிறது. பூச்சிமருந்துப் பாட்டில் கூடவே கூடாது. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலில் காற்று தங்காமல் நிரப்பி இறுக மூடுங்கள். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் தை மாதத்தில் ஒரு முறை எடுப்பது நல்லது. ஒரே கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு விதமாகக் காட்டும். கிணற்றை ஆழப்படுத்தினாலும் புதிதாக ஒன்று போட்டாலும், நாற்று வாங்குவதற்கு முன்பே அந்த நீரை மறுபடியும் சோதித்துவிடுங்கள்.